கூட்டுறதா, பெருக்குறதா?

என் அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் இல்லை. பயந்துகொண்டே அவள் பக்கத்தில் வந்து உட்காராதவர்களும் இல்லை. உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவள். காலையில் பனி மூடிக் கிடந்தால், "மலையே இன்னும் முக்காட்ட எடுக்கல, நமக்கு மட்டும் என்னடி அவசரம்?" என்பாள். மச்சான், அதாவது அவள் புருஷன், படுக்கையை விட்டு எழச் சுணங்கினால், "இந்த மனுசன் எந்திரிக்கிறதுக்குள்ள தேயிலை இன்னொரு எலை விட்டுரும்" என்பாள். பேச்சைக் கேட்காதவர்களுக்கு அவளிடம் ஒரே தண்டனைதான் உண்டு: "வெளக்கமாறு பிஞ்சிரும்!" அந்த வெளக்கமாறு ஒருநாளும் யார் மேலும் பட்டதில்லை. ஆனால் மச்சான் பேரில், கூடப் பிறந்த என் பேரில், ஒருமுறை கங்காணி பேரிலும்கூட அது பிய்ந்திருக்கிறது.

நான் தையற்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும், தைக்க வந்தவர்களின் வாயிலும்தான். அளவெடுக்கும்போது மனிதர்கள் நன்றாகப் பேசுவார்கள். கையை விரித்துக்கொண்டு சும்மா நிற்க யாரால் முடியும்? நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் நான் அதை விடமாட்டேன். அன்று முழுக்க மெஷின் மிதிக்கிற தாளத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். அப்படிச் சேர்த்து வைத்ததில் பாதிக்கு மேல் அக்கா சொன்னவை.

போன மழைக்காலத்தில் ஒருநாள், மலையில் தேயிலை நிரையில் நின்றவள் கூடையோடு சரிந்து விழுந்தாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். வலது கையும் காலும் செத்த மாதிரிக் கிடந்தன. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவே இல்லை. "வரலாம், வராமலும் போகலாம். விடாமப் பழக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முழு ஊமை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "அப்பறம்." பசித்தாலும் அப்பறம். வலித்தாலும் அப்பறம். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பறம்!" அவள் மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். பொழுது சாய்ந்ததும் அங்கிருந்து போன் எடுத்துப் பேசுவாள். "அம்மா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டால் இவள் "அப்பறம்" என்பாள். அந்தப் பிள்ளையும் சளைக்காமல் கடைக் கதை, ரூம் கதை எல்லாம் சொல்லிக்கொண்டே போகும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அம்மா சரியாக "அப்பறம்" என்பாள். தூரத்திலிருந்து கேட்டால் தாயும் மகளும் ஊர்வம்பு பேசுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போனை வைத்த பிறகு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கை வராவிட்டால் பரவாயில்லை, கொழுந்து எடுக்காவிட்டால் பரவாயில்லை. அவள் பேச்சு வந்தால் போதும். அது இல்லாத அக்காவை எப்படிப் பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்குகிற கிளினிக் ஒன்று உண்டு. அங்கே இருந்தவர் ஒரு சிங்களப் பெண். வயது கம்மி, குரல் மெதுவு. மிஸ் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் வராது. அக்காவுக்குச் சிங்களம் கடையில் பேரம் பேசுகிற அளவு வரும்; இப்போது அதுவும் இல்லை. நான் நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பதைக்கூட மிஸ் என் வாயால்தான் கேட்க வேண்டும். பூனைப் படத்துக்கும் அப்பறம், குடைப் படத்துக்கும் அப்பறம். மிஸ் படங்களை ஒதுக்கி வைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, போட்டோகாப்பி எடுத்த கணக்குத் தாள்கள் சிலவற்றை எடுத்து நீட்டினார்.

"எனக்கு இவங்க பாஷை தெரியாது, இவங்களுக்கு என் பாஷை தெரியாது. இலக்கத்துல மட்டும் நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்" என்றார், சிங்களத்தில். இதைத் தமிழில் யார் சொல்லியிருந்தாலும் அன்று முழுக்க என் மெஷின் அதைத்தான் மிதித்திருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கான கணக்கு. எண்கள் இருக்கும், விடையும் இருக்கும். நடுவில் குறி மட்டும் இருக்காது. அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம். கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா என்று பார்த்துப் போட வேண்டும்.

6 □ 2 = 8
6 □ 2 = 4
6 □ 2 = 12
6 □ 2 = 3

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதில் என்ன இருக்கிறது, யாருக்கும் தெரிந்த கணக்குதானே என்று முதலில் தோன்றியது. அப்புறம் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது. ஆறும் அதே ஆறு, இரண்டும் அதே இரண்டு. இரண்டு பேரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நடுவில் ஒரு சின்னக் கீறல் மாறுகிறது; விடை ஒரு வரியில் பன்னிரண்டாகப் பெருத்து நிற்கிறது, அடுத்த வரியில் மூன்றாகச் சுருங்கிக் கிடக்கிறது. நாற்பது வருசமாக நான் எண்களைத்தான் பார்த்திருக்கிறேன்: இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு. நடுவில் நிற்கிறதைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் தோன்றியது. தாளில் எண்கள் எல்லாம் இருக்கின்றன, சேர்க்கிற குறி இல்லை. என் தோளில் தூங்குகிறவளிடம் சேர்க்கிற சொல் இருக்கிறது, சேர்க்க வேண்டியவை எல்லாம் போய்விட்டன.

இடது கையால் அவளுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. கீறினால் தாள் கிழிந்தது. அதனால் நெருப்புக்குச்சி வாங்கலாம் என்று என் கடைக்குப் பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம், போய் நிறையப் பெட்டிகள் கேட்டேன்.

"என்ன தம்பி, தைக்கிறத வுட்டுட்டுக் கொளுத்துற தொழிலுக்குப் போறீங்களா?" என்றார் நானா.

"அக்காவுக்குக் கணக்கு போட நானா."

அவர் ஒரு கட்டுப் பெட்டிகளை அப்படியே தூக்கிக் கொடுத்தார். "மருந்து உள்ள பக்கத்த வெட்டிட்டுக் குடுங்க. கையில பட்டுறப்போகுது" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

அப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரு குச்சியைப் படுக்க வைத்தால் கழித்தல். அதற்கு மேலே ஒரு பயறு, கீழே ஒரு பயறு வைத்தால் வகுத்தல். இரண்டு குச்சியைக் குறுக்கே போட்டால் கூட்டல். அதே இரண்டு குச்சியைக் கொஞ்சம் சாய்த்தால் பெருக்கல். இதுவும் எனக்குப் புதிதாக இருந்தது. அத்தனை பெரிய பெருக்கலுக்கும் இந்தச் சின்னக் கூட்டலுக்கும் ஒரு சாய்வுதான் வித்தியாசமா? மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தேயிலைப் பெக்டரியில் வேலை முடிந்து வந்து அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அதெல்லாம் காட்டாத மாப்ள. நீங்க ரெண்டு பேரும் ஸ்கூல் வைங்க, நான் சோறு வைக்கிறேன். பசி வந்தா எந்தக் குறியும் வேலைக்காவாது."

முதலில் சரிப்படவே இல்லை. அக்கா எட்டு வர வேண்டிய இடத்தில் ஒற்றைக் குச்சியைப் படுக்க வைப்பாள். பிறகு அவளே பார்த்து, தப்பென்று தெரிந்து, குச்சிகளைப் புறங்கையால் தள்ளிவிடுவாள். "அப்பறம்!" பயறு உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். குறியை விட்டுவிட்டு முதலில் விடையைப் பார்ப்பது. முதல் எண்ணை விட விடை வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா? வளர்ந்திருந்தால் குறுக்குக் குச்சி. தேய்ந்திருந்தால் படுத்த குச்சி. அதற்குப் பிறகு, கொஞ்சமா, ரொம்பவா என்று பார்த்தால் போதும். ஆடை தைக்கிற மாதிரித்தான். வந்து நிற்கிறவர் உடம்பைப் பார்த்தால் துணியை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். விடையைத் தொடுவாள், முதல் எண்ணைத் தொடுவாள், பிறகு கை குச்சிக்குப் போகும். சரியாக வந்தால் என்னைப் பார்த்து, "அப்பறம்" என்பாள். அந்த அப்பறம் வேறு மாதிரி இருக்கும்.

இரண்டு கட்டங்கள் வைத்த கணக்குகள் வந்தன. அவளுக்கு முன்னால் தடுமாறக் கூடாதென்று நான் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்று இப்படி இருந்தது:

8 □ 2 □ 3 = 7

எட்டும் இரண்டும் பத்து, மூன்று போனால் ஏழு. முதலில் கூட்டல், அடுத்தது கழித்தல். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அன்று சாயங்காலம் அக்கா விடையைத் தொட்டாள், எட்டைத் தொட்டாள், நெடுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு முதல் கட்டத்தில் ஒரு குச்சியைப் படுக்க வைத்து, மேலும் கீழும் பயறு வைத்தாள்.

"இல்லக்கா" என்று எடுக்கப் போனேன். என் கையில் பட்டென்று ஓர் அடி. மறுபடி பயறை வைத்தாள். அடுத்த கட்டத்தில் குறுக்கே இரண்டு குச்சிகள்.

"அக்கா, அது வராதுக்கா. இங்க பாரு, எட்டை ரெண்டாப் பிரிச்சா நாலு. நாலும் மூணும்…"

வாய் அப்படியே நின்றது. நாலும் மூன்றும் ஏழு.

என் வழியிலும் ஏழு, அவள் வழியிலும் ஏழு. ஒரே எட்டு, ஒரே இரண்டு, ஒரே மூன்று. நான் ஏறிப் போய் இறங்கினேன். அவள் இறங்கிப் போய் ஏறினாள். ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டோம். கணக்கில் இப்படி இரண்டு பாதை உண்டென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் எனக்கு முன்னால் உட்கார்ந்து, எப்படி என்பது போல இடது புருவத்தைத் தூக்கியது. இவள் எங்கும் போகவில்லை. உள்ளே முழுதாக இருந்து, நான் யோசிக்காத வழியை யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

"மச்சான், இங்க வாங்க. அக்காவுக்கு எல்லாம் விளங்குது. எல்லாம்!"

மச்சான் அகப்பையோடு வந்து நின்றார். "எல்லாமுன்னா?"

"நம்ம பேசுறது பூராவும்."

அவர் முகம் மாறியது. "அப்ப… அன்னிக்கு அடுத்த வீட்டுக் காம்பராக்காரன் கேட்டப்ப, 'இப்பத்தான் வீட்டுல அமைதி கெடச்சிருக்கு'ன்னு நான் சொன்னது?"

"அதுவுந்தான்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, "அப்… பறம்" என்றாள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன் புள்ள. சத்தியமா விளையாட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுப்புப் பக்கம் போனார். அங்கே போய், முகத்தைப் புகைக்குக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்த வீட்டில் அமைதியை அவரைப்போல வெறுத்தவர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அக்காவை இஸ்தோப்பில், லயத்தின் முன்வராந்தாவில், பாய் போட்டு உட்கார வைத்திருந்தோம். மச்சான் அந்தப் பக்கத்திலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தார். அன்றைய தாளில் இருந்த கணக்கு பார்க்க மிகவும் சின்னது:

1 □ 2 □ 3 = 6

அவள் கை அன்று அதிகமாக நடுங்கியது. இரண்டு குச்சிகளைக் குறுக்கே போட்டாள். நிமிர்ந்தும் நிற்காமல் சரியாகச் சாயாமலும் ஒரு மாதிரி நின்றன. அடுத்த கட்டத்திலும் அதே மாதிரி. பார்த்தால் கூட்டல் என்றும் சொல்லலாம், பெருக்கல் என்றும் சொல்லலாம். அதனால் கேட்டேன், வேறெதையும் நினைத்துக் கேட்கவில்லை.

"அக்கா, இது கூட்டுறதா, பெருக்குறதா?"

மச்சான் நிமிர்ந்தார். கையில் வெளக்கமாறு. "என்னையா கேக்குற மாப்ள? கூட்டுனா என்ன, பெருக்குனா என்ன, ரெண்டும் ஒண்ணுதான். குப்ப போனாச் சரி."

அக்காவின் தோள் குலுங்கியது. எனக்குப் பயமாகிவிட்டது, மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வர. இடது கையைத் தூக்கி மச்சானைக் காட்டினாள். வாய் ஒரு பக்கம் கோணியது, திறந்தது, மூடியது. "அப்…" என்றாள். தலையை ஆட்டி அந்தச் சொல்லைத் துப்பிவிடுகிற மாதிரி ஒதுக்கினாள். மறுபடி திறந்தாள்.

"வெ… வெளக்க… மாறு."

மச்சானுக்கு விளங்கவில்லை. ஓடி வந்து வெளக்கமாற்றை அவள் மடிக்குப் பக்கத்தில் வைத்தார். "வேணுமா புள்ள? இந்தா, இந்தா."

"மச்சான், அவ கேக்கல. திட்டுறா!"

"யார?"

"ஒங்களத்தான்!"

அவர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். குச்சியும் பயறும் அவர் காலுக்கடியில் போயின. "என்னையவா? இன்னொருக்கா சொல்லு புள்ள. இன்னொருக்கா திட்டு."

"வெளக்கமாறு" என்றாள் அக்கா. இந்த முறை கொஞ்சம் சுருக்காகவே வந்தது.

பக்கத்துக் காம்பராக்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்னண்ணே, என்னாச்சி?" என்று ஒருத்தி கேட்டாள். "திட்டிட்டா! என்னையத் திட்டிட்டா!" என்று மச்சான் கத்தினார். லயம் முழுக்க அந்தச் செய்தி கல்யாணச் செய்தி மாதிரி ஓடியது. அன்று சாயங்காலம் மகள் போன் எடுத்தபோதும் அதே சொல்தான் கிடைத்தது. "அம்மா, சாப்ட்டீங்களா?" "வெளக்கமாறு." அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்றாள் பிள்ளை.

எல்லோரும் போன பிறகு நான் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு தாளைப் பார்த்தேன். கணக்கைச் சரிபார்க்கவே மறந்திருந்தேன். ஒன்றும் இரண்டும் மூன்று, மூன்றும் மூன்றும் ஆறு. சரி. பெருக்கினால்? ஓரிரண்டு இரண்டு, இருமூன்று ஆறு. அதுவும் சரி. கூட்டினாலும் ஆறு, பெருக்கினாலும் ஆறு. மச்சான் வாயில் வந்தபடிச் சொன்னது அந்த மூன்று எண்களுக்கும் அச்சாகப் பொருந்தியது.

வீட்டைச் சுத்தம் செய்கிற ஒரே வேலைக்கு எங்கள் வாயில் இரண்டு சொல். அதே இரண்டு சொல்லும் கணக்குக்குள் போனால் இரண்டு வேறு வேலை. இத்தனை காலமும் இரண்டையும் தினம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்; ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள விட்டதே இல்லை. வேறு எண்களில் இப்படி வருமா என்று தேடினேன். இரண்டு, மூன்று, நான்கு: கூட்டினால் ஒன்பது, பெருக்கினால் இருபத்துநான்கு. ஒத்துவரவில்லை. மூன்று, நான்கு, ஐந்து: இன்னும் தூரம் போய்விட்டது. அந்த ஒன்று, இரண்டு, மூன்றில்தான் அது ஒளிந்திருந்தது. அக்காவின் கையும் அன்றைக்கென்று எந்தப் பக்கமும் சாயாமல் குச்சியைப் போட்டது. இதையெல்லாம் யார் இப்படிச் சேர்த்து வைத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

அடுத்த கிளினிக்குக்குப் போனபோது மிஸ்ஸிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லத்தான் தெரியவில்லை. சிங்களத்தில் வீடு பெருக்குவதற்கு 'அதுகானவா' என்பார்கள். அதற்கும் கணக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தச் சொல்லுக்கும் அதுகானவா, அந்தச் சொல்லுக்கும் அதுகானவா என்று சொல்லி, கையில் இல்லாத வெளக்கமாற்றால் அந்த அறை முழுக்கக் கூட்டிக் காட்டினேன். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பகிடி விளங்கியதா, என் கூத்தைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது. பிறகு அந்த இரண்டு சொல்லையும் மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அக்கா பக்கம் திரும்பி அவரே சொல்லிப் பார்த்தார்.

"கூட்டு. பொறுக்கு."

அக்காவின் புருவம் நெளிந்தது.

"பொறுக்கு" என்றார் மிஸ், இன்னும் அழுத்தமாக.

அக்கா தலையை ஆட்டினாள். யாரோ தன் முன்னால் கொழுந்தை முரட்டிலையோடு சேர்த்துப் பிடுங்குகிற மாதிரி முகத்தைச் சுளித்தாள். "பெ" என்றாள்.

"பொ?"

"பெ… ருக்கு."

அது பயிற்சியில் இல்லாத சொல். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. மிஸ்ஸும் கவனித்துவிட்டார், கத்தவில்லை, கைதட்டவில்லை. பேனாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, நல்ல மாணவி மாதிரி, "பெருக்கு" என்றார். அக்கா, சரி, போகட்டும் என்று தலையசைத்தாள்.

மிஸ் கொஞ்சம் முன்னால் குனிந்தார். அக்காவிடமே கற்றுக்கொண்ட, அந்த நாளுக்கு முன் அவருக்குத் தெரிந்திருந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"அப்பறம்?"

அக்கா யோசித்தாள். மேசையில் இருந்த தாளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பஸ்சு" என்றாள்.

எந்தக் கணக்குக்கு இது விடை என்று ஒரு கணம் நான் தாளைத் தேடினேன். பிறகுதான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். உடப்புசல்லாவை பஸ் புறப்படுகிற நேரம் ஆகியிருந்தது.